ரோய் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது: திருகோணமலைக் குடும்பங்களுக்கான தேடல் வழிகாட்டி

திருகோணமலைக் கத்தோலிக்கரிடையே ரோய் என்னும் பெயர் எவருக்கும் புதியதன்று. அதனைக் கடைசிப் பெயராகக் கொண்டு கனடாவிலும் இங்கிலாந்திலும் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் அதன் மூலத்தைத் தேடத் தொடங்கினால், ஸ்கொட்லாந்தின் செம்முடிக்காரர், பிரான்சின் அரசர், வங்காளத்தின் பட்டம் பெற்ற நிலக்கிழார், எபிரேயரின் மேய்ப்பர் என்று நான்கு விடைகள் உடனே கிடைக்கின்றன. சொல்லாராய்ச்சி அளவில் நான்கும் சரியானவையே. ஆயினும் திருகோணமலையின் பாலையூற்றிலோ பெரியகடையிலோ பிறந்த ஒருவருடைய பாட்டனாருக்கு அந்நான்கில் எது பொருந்தும், அல்லது எதுவுமே பொருந்தாதா என்பதை எந்தப் பெயரகராதியும் சொல்லாது.

ஆகவே இத்தேடலில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றுண்டு. சொல்லின் வேரை ஆராய்வதற்கு முன்னர், அச்சொல் முதன்முதலில் யார்மீது ஒட்டியது, எந்த ஆண்டில், யாருடைய கையெழுத்தில் என்பதைக் கண்டறிய வேண்டும். அந்த ஆள் கிடைத்தபின் வேர் பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும். அந்த ஆள் கிடைக்காதவரையில் எத்தனை அழகான வேர்ச்சொல் கிடைத்தாலும் அது வேறொருவர் குடும்பத்தின் கதையே.

அது குடும்பப் பெயர்தானா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுவே. பலர் இதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். இலங்கைத் தமிழர் வழக்கில் தந்தையின் பெயர் முன்னே நிற்கும், தன் பெயர் பின்னே வரும். விளக்கத்துக்காகச் சில பெயர்களை அமைத்துக்கொள்வோம். யோசேப்பு என்பவரின் மகனுக்கு ரோய் என்று பெயரிட்டால் அவர் யோசேப்பு ரோய் ஆவார். அவருடைய மகன் டெனிஸ், ரோய் டெனிஸ் ஆவார். டெனிசுடைய மகளின் பெயரில் ரோய் என்பதே இராது. இவ்வழக்கு தொடரும் வரையில் ரோய் என்பது ஒரு தலைமுறையில் வந்து அடுத்த தலைமுறையோடு விடைபெறும் விருந்தாளி மட்டுமே.

ஆனால் ரோய் டெனிஸ் ரொறன்ரோவில் குடியேறும்போது, படிவத்தில் கடைசிப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறார். அன்று முதல் பெயர் உறைந்துபோகிறது. மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவரும் ரோய் ஆகின்றனர். கியூபெக் மாகாணத்தில் இதே எழுத்துக்கூட்டுடைய பிரெஞ்சுப் பெயர் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்று. எனவே அங்குள்ளோர் இப்பிள்ளைகளிடம் பிரெஞ்சு உறவு உண்டா என்று கேட்பதில் வியப்பில்லை. இத்தகைய குடும்பத்தில் ரோய் என்னும் குடும்பப் பெயரின் வயது சில பத்தாண்டுகளே. அதன் பிறப்பிடம் ஸ்கொட்லாந்தும் அன்று, வங்காளமும் அன்று; ஒரு குடிவரவு அலுவலகத்தின் மேசை.

ஆகையால் தேடலைத் தொடங்கும்போது இரண்டு வினாக்களைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எப்போது கடைசிப் பெயராக உறைந்தது என்பது ஒன்று. அதற்கு முன்னர், அதனை இயற்பெயராகப் பெற்ற முதல் ஆளுக்கு அது ஏன் இடப்பட்டது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கான விடை கடவுச்சீட்டிலும் குடிவரவுத் தாள்களிலும் இருக்கும். பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை. இரண்டாவதற்கே உழைப்பு தேவை.

பெரேரா, பெர்னாண்டோ, சில்வா போன்ற பெயர்களோடு ரோயை ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது. அவை போர்த்துக்கேயப் பெயர்கள். ஒரே மூலத்திலிருந்து ஞானஸ்நானத்தின் வழியாகவும் கலப்புத் திருமணத்தின் வழியாகவும் சிங்களவர், தமிழர், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் எனப் பல சமூகத்தாரிடையே பரவியவை. தூத்துக்குடிக் கடற்கரைப் பரதவர் 1530களில் கிறிஸ்தவம் தழுவியபோது பெற்ற பெயர்களும் இவ்வகையினவே. நீர்கொழும்பு பெர்னாண்டோவும் தூத்துக்குடி பெர்னாண்டோவும் இரத்த உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல் ஒன்றே. ரோயின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே சொற்களே வெவ்வேறு; உரோமன் எழுத்தில் எழுதப்பட்டபோது ஆர், ஓ, வை என்னும் மூன்று எழுத்துகளில் வந்து ஒன்றுபோலத் தோற்றமளிக்கின்றன.

ஒரே எழுத்துக்கூட்டின் பல வேர்கள்

ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் பேசப்படும் கேலிக் மொழிகளில் சிவப்பைக் குறிக்கும் ‘ருவா’ என்னும் சொல் ஆங்கில வாயில் ரோய் ஆயிற்று. அது முதலில் பட்டப்பெயராகவே இருந்தது. 1671இல் ஞானஸ்நானம் பெற்று 1734இல் இறந்த ரொப் ரோய் மக்கிரெகர் செம்முடியால் அப்பெயர் பெற்றவர். அவருடைய குலப்பெயர் மக்கிரெகர். அப்பெயர் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட காலத்தில் தாயின் குலப்பெயராகிய கம்பெல் என்பதைப் பயன்படுத்தினார். உலகம் அறிந்த ‘ரோய்’ ஒருவருக்கே அது குடும்பப் பெயராக இருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் ஆங்கிலேயர் அதனைச் சாதாரண ஆண்பெயராக ஏற்று, தம் ஆட்சி நிலவிய நாடுகளெங்கும் கொண்டுசென்றனர்.

பிரெஞ்சில் அரசரைக் குறிக்கும் சொல்லின் பழைய எழுத்துக்கூட்டே ரோய். இன்றைய பிரெஞ்சுக்காரர் அதனை ‘ர்வா’ என்று உச்சரிப்பர். இப்பெயருடையோர் அரச வம்சத்தினர் என்று எண்ணிவிடக் கூடாது. அரண்மனையில் வேலை பார்த்தவர், திருவிழா நாடகத்தில் அரசராக நடித்தவர், நடையுடையில் அரசத் தோரணை காட்டியவர் ஆகியோருக்கு ஊரார் சூட்டிய கேலிப்பெயராகவே அது பெரும்பாலும் தொடங்கியது. கியூபெக்கில் ஒரே பெயருடைய குடும்பங்களைப் பிரித்தறிய இரண்டாவது பெயரொன்றையும் சேர்த்து வழங்கினர். பின்னாளில் சிலர் முதற்பெயரை விட்டு இரண்டாவதையே வைத்துக்கொண்டனர். ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற சிலர் ரோயை மொழிபெயர்த்துக் கிங் ஆகிவிட்டனர். ஆகவே பிரெஞ்சு ரோய் குடும்பங்களுள்ளும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை பல.

வங்காளத்தில் ரோய் என்பது ‘ராய்’. சமஸ்கிருத ராஜன், பிராகிருதத்தில் ராய என்றாகி, பட்டமாக நின்றது. விஜயநகர மன்னர்கள் ராயர் எனப்பட்டதும் இச்சொல்லால்தான். முகலாயரும் நவாபுகளும் அலுவலருக்கும் நிலக்கிழாருக்கும் வழங்கிய இப்பட்டம் பல சாதியினரிடமும் குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது. 1833இல் பிரிஸ்டலில் மறைந்த சீர்திருத்தவாதி ராம் மோகன் ராயின் குடும்பம் பிறப்பால் பந்தியோபாத்தியாயக் குடும்பம். அரசுப் பணிக்காகப் பெற்ற பட்டமே ராய். திரைப்பட இயக்குநர் சத்தியஜித் ராயின் பெயரும் வங்க எழுத்தில் அதே சொல்தான். ஆங்கிலத்தில் மட்டும் இரு குடும்பத்தாரும் இருவேறு விதமாக எழுதினர். இவற்றினும் எச்சரிக்கை தரும் எடுத்துக்காட்டு புரட்சியாளர் எம். என். ராய். 1887இல் நரேந்திரநாத் பட்டாச்சார்யாவாகப் பிறந்த அவர், தலைமறைவு வாழ்க்கையின்போது 1916இல் அமெரிக்காவில் அப்பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். அவருடைய பெயரின் வேரை ஆராய்பவர் சமஸ்கிருதம் வரை சென்றாலும் அவருடைய முன்னோரைச் சந்திக்க மாட்டார்.

எபிரேயத்தில் ‘என் மேய்ப்பர்’ எனப் பொருள்படும் ரோஇ என்பது இஸ்ரேலில் ஆண்களுக்கு இடப்படும் இயற்பெயர். திருப்பாடல் 23இன் முதல் அடியில் உள்ள சொல். நம் குடும்பங்களில் இதனை மூலமாகச் சொல்வோர் பெரும்பாலும் பிற்காலத்தில் இப்பொருளை வாசித்து மகிழ்ந்தவர்களே.

இங்கே ஓர் இடைக்குறிப்புக் கூற வேண்டும். பிரெஞ்சு ரோய்க்கு மூலமான இலத்தீன் ‘ரெக்ஸ்’, வங்காள ராய்க்கு மூலமான ‘ராஜன்’ ஆகிய இரண்டும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே இந்தோ ஐரோப்பியச் சொல்லின் வழிவந்தவை. கேலிக் ‘ருவா’வுக்கு உறவான சொல் வேறு, அது ஆங்கிலத்தில் சிவப்பைக் குறிக்கும் ‘ரெட்’ என்பதற்கும் இரத்தத்தைக் குறிக்கும் ‘உருதிரம்’ என்பதன் மூலச் சொல்லுக்கும் இனமானது. சொற்களுக்கிடையே உள்ள இந்த உறவை மனிதர்களுக்கிடையே உள்ள உறவாக மாற்றிச் சொல்லும் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. அவற்றை நம்ப வேண்டியதில்லை.

இந்தப் பட்டியல்களில் எங்கும் இடம்பெறாத ஐந்தாவது வழி ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை இராயப்பர் என்று வழங்கி வந்தனர். இராயப்பு என்னும் பெயர் அதிலிருந்து வந்தது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் பெயரில் அதனைக் காணலாம். இராயப்பு என்று ஞானஸ்நானம் பெற்ற ஒரு சிறுவன் ஆங்கிலப் பள்ளியிலோ கடற்படைத் தளத்து வேலையிடத்திலோ ரோய் என்று சுருங்கியிருந்தால், அக்குடும்பப் பெயரின் வேர் கேலிக் மொழியும் அன்று, பிரெஞ்சும் அன்று. தமிழ்த் திருச்சபை வழக்கு. இதனை ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்க்கவும் முடியும். அதனைக் கீழே காணலாம்.

ஆவணங்களைப் பின்னோக்கி வாசித்தல்

தேடல் எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கியே செல்ல வேண்டும். பெயர் பெற்ற ஒருவரைப் பழங்காலத்தில் பிடித்துக்கொண்டு அவரிலிருந்து நம்மை நோக்கி இறங்கிவர முயல்வது, பெயரொற்றுமையை உறவாக எண்ண வைத்துவிடும்.

முதலாவது ஆவணம் பிறப்புச் சான்றிதழ். பிறப்பு நிகழ்ந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் அதன் பிரதியைக் கேட்டுப் பெறலாம். கணினியில் ஏற்றப்பட்டவற்றை வேறு பிரதேச செயலகங்களிலும் பெறலாம். பதிவிலக்கமும் திகதியும் தெரியாவிட்டால் உத்தேச காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவ்விடத்தில் பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ரோய், றோய், ராய், றோயி, இராயப்பு என எல்லா வடிவங்களையும் தந்தையின் பெயரோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். பழைய பதிவேட்டைப் புரட்டும் எழுதுவினைஞர், தாளில் உள்ள எழுத்தைத்தான் தேடுவார்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பலர் கவனிக்காத ஒரு செல்வம் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பரம்பரையை அடிப்படையாகக் கொண்டது. அதனால் பிற்காலப் பதிவுகளில் தந்தையின் பெயர், பிறந்த இடம், இனம் ஆகியவற்றோடு பாட்டனாரின் முழுப்பெயரும், அவர் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கப்படுகின்றன. தந்தை இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரின் விவரமும் கேட்கப்படுகிறது. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடுகிறது. ‘இனம்’ என்னும் கட்டத்தில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், பறங்கியர் என்று எழுதப்பட்டிருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பறங்கியர் என்று இருந்தால் குடும்பப் பெயர் பல தலைமுறைகளாக உறைந்த ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. இலங்கைத் தமிழர் என்று இருந்தால் மேலே சொன்ன தந்தைப்பெயர் வழக்கையே முதலில் சோதிக்க வேண்டும். இது தீர்ப்பன்று, எத்திசையில் முதலில் நடப்பது என்பதற்கான குறிப்பு.

பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியதாகையால் அதற்கு முந்தைய காலத்துக்கு இவ்வழி உதவாது. அதற்குப் பிந்திய காலத்திலும் திருகோணமலை மாவட்டத்தில் போர், இடப்பெயர்வு, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை ஆகியவற்றால் பலருடைய தாள்கள் அழிந்துள்ளன. சிலரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். அதனை வைத்துப் பெயரின் வரலாற்றை முடிவு செய்யக் கூடாது; அது பின்னாளில் சொல்லப்பட்டதை எழுதிய தாள்.

அடுத்ததாகத் திருமணப் பதிவு. அதில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். தந்தையின் தொழில் கடற்படைத் தள வேலை என்றோ தொலைத்தந்தி அலுவலகம் என்றோ இருக்குமாயின் அங்கே நின்று யோசிக்க வேண்டும். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரையில் பிரித்தானியரிடம் இருந்தது. மேலதிகாரியின் பெயரையோ, கூட வேலை செய்த ஒருவரின் பெயரையோ பிள்ளைக்கு இடுவது அக்காலத்தில் புதுமையன்று. அவ்வாறாயின் வேர் கேலிக். ஆனால் குருதி தமிழ்.

காணி உறுதிகளைப் பலர் மறந்துவிடுகின்றனர். நொத்தாரிசு எழுதிய உறுதியில் ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்ற தொடர், காணி கைமாறிய வரிசைப்படி பின்னோக்கிச் செல்லும். எல்லைகளைச் சொல்லும் பகுதியில் அயல் காணிக்காரர்களின் பெயர்களும் வரும். ஒருவர் உறுதியில் ‘இராயப்பு என்னும் ரோய்’ என்று இரு பெயராலும் குறிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு சொற்றொடரே பல மாத வேலையை மிச்சப்படுத்தும். வீட்டு அலுமாரியில் உறுதி இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் மடல் இலக்கத்தைக் கொண்டு தேடலாம்.

பத்திரிகையில் வரும் மரண அறிவித்தலும், முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலரும் வேறெந்த நாட்டு ஆய்வாளருக்கும் வாய்க்காத ஆவணங்கள் என்றே நினைக்கிறேன். ‘காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதியினரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும்’ என்று நீளும் அந்த ஒரே வாக்கியம் இரு குடும்பங்களின் மூன்று தலைமுறையை உறவுமுறையோடு தந்துவிடும். கல்வெட்டு என்று நம்மவர் அழைக்கும் நினைவு மலரில் சில வேளைகளில் வம்சாவளியே அச்சிடப்பட்டிருக்கும். துக்கத்தின் நடுவே அவசரமாகத் தொகுக்கப்பட்டதாகையால் ஆண்டுகளில் பிழை இருக்கலாம். உறவுமுறைகளில் பிழை அரிது, ஏனெனில் ஒரு பெயர் விடுபட்டாலும் உறவினர் விடமாட்டார்கள்.

ஞானஸ்நானப் பதிவேடு

ரோய் என்னும் பெயரைப் பொறுத்தவரை தீர்ப்பைத் தரக்கூடியது இதுவே. திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவாக்கப்பட்டது. 1895 முதல் பிரெஞ்சு இயேசு சபைக் குருமாரும், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலம் முதல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினரும் இங்கே பணியாற்றினர். பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும். பெயர்கள் இலத்தீன் விகுதியோடு வளைந்திருக்கும். பேதுரு ‘பேத்ருஸ்’ என்றும், ‘பேதுருவின்’ என்பது ‘பேத்ரி’ என்றும் வரும். இதனை அறியாதவர் ஒரே ஆளை இருவராக எண்ணக் கூடும்.

ரோய் புனிதர் ஒருவரின் பெயரன்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவப் பெயரல்லாத ஒன்றைப் பெற்றோர் வற்புறுத்தினால் அதனோடு ஒரு புனிதரின் பெயரையும் குருவானவர் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்திருந்தது. ஆகவே அக்காலத்துப் பதிவில் ரோயின் அருகே மற்றொரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ‘பேத்ருஸ்’ இருந்து, வீட்டு வழக்கில் இராயப்பு என்றும் அழைக்கப்பட்டிருந்தால், மேலே சொன்ன ஐந்தாவது வழி உறுதிப்படும். ‘பேத்ருஸ்’ மட்டும் இருந்து ரோய் அறவே இல்லாவிட்டால், ரோய் பின்னாளில் ஒட்டிய பெயர். அந்தோனி, பிரான்சிஸ் போன்ற வேறொரு புனிதரின் பெயரோடு ரோய் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அது பெற்றோர் விரும்பித் தெரிந்தெடுத்த ஆங்கிலப் பெயராகவே இருக்கும்.

ஞானப் பெற்றோரின் பெயர்களை மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஞானத்தந்தையின் பெயரை இடும் வழக்கம் இருந்தமையால், பெயர் வந்த வழி பெற்றோரிடம் இல்லாமல் அங்கே இருக்கலாம். ஓரக்குறிப்பில் பின்னாளைய திருமணம் எழுதப்பட்டிருக்கும். அது அடுத்ததாகத் தேட வேண்டிய பங்குக் கோவிலுக்கு வழி காட்டும்.

பங்குப் பதிவேட்டைப் பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதிக் காலப்பகுதியையும் உறவுமுறையையும் குறிப்பிடுவதே முறை. ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு போய்ப் பதிவேட்டைக் கேட்பது பலனளிக்காது. மெதடிஸ்த, அங்கிலிக்கன் குடும்பத்தார் தத்தம் திருச்சபைப் பதிவேடுகளை நாட வேண்டும். சைவக் குடும்பத்தில் ரோய் என்ற பெயர் வந்தால், கோயில் உபயகாரர் பட்டியலில் அதே ஆள் எந்தப் பெயரில் இருக்கிறார் என்று பார்ப்பது பயன்தரும். கோயிலில் வீட்டுப் பெயர் வராது, சங்கற்பத்துக்குரிய பெயரே வரும்.

எழுதியவருடைய காது

பெயரைப் பெற்றவரை மட்டுமன்றி, எழுதியவரையும் ஆராய வேண்டும். பிரெஞ்சுக்காரர் தாம் கேட்டதைப் பிரெஞ்சு ஒலிமுறைப்படி எழுதுவர். புதுச்சேரித் தமிழரின் உரோமன் எழுத்துப் பெயர்கள் சென்னைத் தமிழருடையவற்றிலிருந்து வேறுபட்டிருப்பது இதனால்தான். ஆர், ஓ, வை என்ற எழுத்துகளைத் தாமே ‘ர்வா’ என்று வாசிக்கும் ஒருவர், ‘ரோய்’ என்று காதால் கேட்டதை அதே எழுத்துகளில் எழுதுவாரா என்பது கேட்க வேண்டிய கேள்வி. அவர் அவ்வாறே எழுதியிருந்தால், பெரும்பாலும் ஆங்கிலத் தாளொன்றைப் பார்த்தே எழுதியிருப்பார்.

நமக்கு இன்னொரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும் பெயர்களைத் தமிழ் எழுத்துப் பிரித்துக் காட்டுகிறது. வங்காளப் பெயரை நாம் ராய் என்றே எழுதிவருகிறோம். ராம் மோகன் ரோய் என்று எவரும் எழுதுவதில்லை. கேலிக் வழிவந்த ஆங்கிலப் பெயர் ரோய் என்றோ, இலங்கை வழக்கில் றோய் என்றோ வரும். ஆகவே குடும்பத்தின் மிகப் பழைய தமிழ்க் கையெழுத்தைத் தேடிப் பிடியுங்கள்: பாடசாலை வரவுப் பதிவு, கடிதத்தின் அடியில் இட்ட ஒப்பம், திருமண அழைப்பிதழ். அதில் ‘ரா’ இருக்கிறதா ‘ரோ’ இருக்கிறதா என்பது பெரிய சான்று. ஆங்கிலத்தில் தட்டச்சிடப்பட்ட சான்றிதழைப் பார்த்துப் பின்னர் தமிழாக்கப்பட்ட தாளுக்கு அந்த மதிப்பில்லை.

கல்லறைகள்

திருகோணமலை நகரிலுள்ள பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டமும், நிலாவெளி வீதியிலுள்ள போர் வீரர் மயானமும் வெளிநாட்டுப் பெயர்களைத் தேடுவோரை ஈர்க்கின்றன. போய்ப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு பெயரைக் கல்லில் கண்டவுடன் அது நம் முன்னோர் என்று துள்ளக் கூடாது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் சகோதரரான கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை இங்கிருப்பதால் அவருடைய குடும்பம் இங்கே வாழ்ந்தது என்றாகாது. போர் வீரர் மயானத்துக் கற்களில் பெயரோடு படைப்பிரிவு, இறந்த திகதி ஆகியவற்றையும், பல கற்களில் சமயச் சின்னத்தையும் காணலாம். ஒரே எழுத்துக்கூட்டுடைய பெயர் ஸ்கொட்லாந்துக்காரருடையதா வங்காளியுடையதா என்பதைப் பெயரைவிடப் படைப்பிரிவும் சின்னமுமே நன்றாகச் சொல்லும். நகரத்துப் பழைய கற்களில் எழுத்து மங்கியிருந்தால், ஜே. பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகத் தொகுப்பில் திருகோணமலைப் பகுதியைப் பார்க்கலாம்.

மரபணுச் சோதனை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது; உறைந்த குடும்பப் பெயரும் அவ்வாறே செல்வதால், மேலைநாட்டார் இரண்டையும் ஒப்பிட்டுப் பயனடைகின்றனர். நம்மிடையே பெயர் தலைமுறைதோறும் மாறிவந்தமையால், சோதனை தந்தைவழியைக் காட்டினாலும் பெயரின் வழியைக் காட்டாது. ஸ்கொட்லாந்து மூதாதை ஒருவர் இருந்தார் என்ற கதை குடும்பத்தில் இருந்தால், அதனைச் சரிபார்க்க மட்டும் அது உதவும்.

வேறு பெயர்களுக்கு

இம்முறை ரோய்க்கு மட்டும் உரியதன்று. லீ என்னும் பெயர் சீனரிடமும் கொரியரிடமும் ஆங்கிலேயரிடமும் உண்டு. ஆங்கிலேயருக்கு அது காட்டிடையே உள்ள வெட்டவெளி, சீனருக்கு அதில் மிகப் பரவலானது பிளம் மரத்தைக் குறிக்கும் எழுத்து. திருகோணமலையை அடுத்த சீனக்குடா என்ற ஊர்ப்பெயரை வைத்து இங்குள்ள லீயைச் சீனர் என்று கொள்வது, ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் போட்டுக் குழப்புவது. மறுபுறம், இலங்கையின் நகரங்களில் சீனப் பல் வைத்தியர் குடும்பங்கள் இருந்தமை பலர் அறிந்தது. ஆகவே அவ்வாய்ப்பைத் தள்ளிவிடவும் கூடாது. தந்தையின் தொழில் எழுதப்பட்ட திருமணப் பதிவு இங்கேயும் விடை தரும். கில் என்னும் பெயர் பஞ்சாபியரிடம் குலப்பெயர். வட இங்கிலாந்தில் மலைப்பிளவைக் குறிக்கும் சொல். போர்க்காலத்தில் இந்தியப் படைகளும் பிரித்தானியப் படைகளும் ஒருங்கே தங்கிய துறைமுகத்தில் இரண்டுக்கும் இடமுண்டு.

முடிவை எழுதிவைக்கும்போது மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள். தாளில் நேரடியாகக் கண்டது, உறவினர் வாய்மொழியாகச் சொன்னது, இவ்விரண்டிலிருந்தும் நாமே ஊகித்தது ஆகியன ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் அது எந்த அலுவலகத்தில் அல்லது எந்தப் பங்கில் இருக்கிறது, பதிவிலக்கம் என்ன, பெயர் அதில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளது உள்ளபடி குறியுங்கள். நாம் சரியென்று நினைக்கும் எழுத்துக்கூட்டுக்குத் திருத்திவிடாதீர்கள். உயிரோடிருக்கும் உறவினரின் விவரங்களை அவர்களுடைய சம்மதமின்றி இணையத்தில் ஏற்ற வேண்டாம். ஒரு பிரதியை ஊரிலுள்ள மூத்த உறவினரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் ரோய் என்றிருப்பவரை ஊரார் உண்மையில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை அவர்களே அறிவார்கள், அந்தப் பெயர் கிடைத்தால் பதிவேட்டை மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும்.